இசைவு யாருடையது?

அறிவியல் புதிய ஆற்றலொன்றை நம்மிடம் கையளிக்கும்போது, அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்ற வினாவையும் உடன் கையளிக்கின்றது. மூளை நோய்ச் சிகிச்சையில் நனோப் பொருள்களைப் பயன்படுத்தும் முயற்சி அத்தகையதொரு வினாவை எழுப்புகின்றது.

ஒரு மீற்றரை நூறு கோடி கூறாக்கினால் ஒரு கூறே நனோமீற்றர். இவ்வளவில் அமைந்த இழைகள், அறுபட்ட நரம்புகள் பற்றி வளரும் கொழுகொம்பாக உதவலாம். 2006இல் வெளியான ஆய்வொன்றில், பார்வை நரம்புத் தடம் வெட்டப்பட்ட ஹாம்ஸ்டர் எனும் எலியினத்திற்கு இத்தகைய இழைகள் செலுத்தப்பட்டன. நரம்புகள் இடைவெளியைக் கடந்து வளர்ந்தன. பார்வையும் ஓரளவு மீண்டது. ஆயினும் விலங்கிற் கண்ட வெற்றி மனிதர்க்கு உறுதிமொழி ஆகாது. பாக்கின்சன் நோயாளரின் மூளையிற் கருவின் நரம்புக் கலங்களைப் பதித்த ஆய்வு 2001இல் வெளியாயிற்று. பதியம் பெற்றோருள் 15 வீதமானோருக்கு, ஓராண்டு கடந்தபின் கட்டுக்கடங்காத உடலசைவுகள் தோன்றின. மாத்திரையாயின் நிறுத்திவிடலாம், மூளையோடு ஒன்றியதை மீட்டெடுத்தல் அரிது.

ஆகவே நோயாளியின் இசைவு இங்கு முதன்மை பெறுகின்றது. ஏனைய நோய்களில் நோயுற்ற உறுப்பு வேறு, இசைவு தரும் மூளை வேறு. இங்கோ இசைவு தரவேண்டியதே நோயுற்றிருக்கின்றது. அதனால் எவரையும் இச்சிகிச்சைக்கு உட்படுத்தலாகாது என்போமாயின், நோயாளியைக் கைவிட்டவராவோம். 1964இல் உருவான ஹெல்சிங்கிப் பிரகடனம், ஆய்வுக்கு இசைவுதர இயலாதார் சார்பிற் சட்டப் பிரதிநிதி இசைவளிக்க இடந்தருகின்றது. எனினும் பிரதிநிதி யாருடைய விருப்பத்தைப் பேசுகின்றார்?

இவ்வினா நமக்குத் தொலைவிலுள்ளதன்று. 2008இல் நிறுவப்பட்ட இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் கொழும்பை அடுத்த ஹோமாகமையில் இயங்குகின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முதிய பெற்றோர் இருக்க, பிள்ளைகள் கடல் கடந்து வாழும் இல்லங்கள் பல. நினைவிழந்த தாய்க்குரிய முடிவு அங்கே தொலைபேசி வழியாக வந்து சேரலாம். "பழைய அம்மா திரும்பி வரவேண்டும்" என்பது பிள்ளைகளின் ஏக்கம். அது இயல்பானதே, ஆயினும் அது தாயின் இசைவு ஆகாது. புதிய நரம்பு வளர்ந்தாலும் அழிந்த நினைவு மீளும் என்பதற்கில்லை.

எனவே நோயின் தொடக்கத்திலேயே, அறிவு தெளிவாயிருக்கையில், அவரவர் தாய்மொழியில் இடரையும் பயனையும் விளக்கி விருப்பத்தைக் கேட்டறிதல் வேண்டும். அவ்விருப்பத்தைக் காப்பவரே உறவினர். அதற்கு உரிமையாளர் அல்லர். பிற்காலத்தில் நோயாளி முகந்திருப்பிக் கையை விலக்குவாராயின், அதுவும் ஒரு சொல்லென மதிக்கப்படல் வேண்டும்.

மூளையைத் திருத்தும் ஆற்றல் நாளை நமக்கு வாய்க்கலாம். அந்த மூளைக்குரிய மனிதரை இன்றே கேட்கப் பழகுதல் நம் கடனாகும்.