நான் லோக்கல்

அக்கா மகளுக்கு எம்.ஏ. வரலாறு சேர வேண்டும். நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க்தான். சான்றிதழ் சரிபார்ப்புக்குத் துணையாக நானும் திருப்பதிக்குப் போய் நின்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமைசாலி. பிளாஸ்டிக் கவரிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டியவர், பட்டச் சான்றிதழில் விரலை வைத்து நிறுத்தினார்.

"நான் லோக்கல், அம்மா."

தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தவர் வாயிலிருந்து திடீரென்று தமிழ் வந்ததுபோல் என் காதில் விழுந்தது. "ஆமாம் சார், லோக்கல்தான். சித்தூர்" என்றேன். அவள் என் முழங்கையை இடித்தாள். "மாமா, அவர் சொல்றது இங்கிலீஷ். நான் வெளியூராம்."

விதியை அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். 1974-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை அது. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தை ஆந்திரா, உஸ்மானியா, ஸ்ரீ வெங்கடேஸ்வரா என்று பல்கலைக்கழகப் பெயர்களிலேயே மூன்று வட்டாரங்களாகப் பிரித்தது. இடங்களில் 85 சதவீதம் அந்தந்த வட்டாரத்தாருக்கு. யார் வட்டாரத்தார்? தகுதித் தேர்வு எழுதிய ஆண்டோடு முடிகிற நான்கு கல்வியாண்டுகளைத் தொடர்ந்து அங்கேயே படித்தவர். எம்.ஏ.வுக்குத் தகுதித் தேர்வு பட்டத் தேர்வு. அக்கா மகள் இன்டர் (பிளஸ் டூ) வரை சித்தூரில் படித்தாள். பி.ஏ.வை வேலூரில் படித்தாள். அங்கேதான் தவறு நேர்ந்தது.

சித்தூருக்கும் வேலூருக்கும் 40 கிலோமீட்டர்கூட இல்லை. மூன்று வருஷமும் காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வந்தாள். ஒரு ராத்திரிகூட வேலூரில் தங்கியதில்லை. ஆனால் அந்த நாலு வருஷத்தில் படிப்பை இடையில் விட்டிருந்தவருக்குத்தான் குடியிருப்பைக் கணக்கில் எடுப்பார்கள். அவள் ஒரு நாளும் விடாமல் படித்துவிட்டாள். கர்நூல் பையன் 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து திருப்பதிக்கு வந்தால் உள்ளூர்க்காரன். ஸ்ரீ வெங்கடேஸ்வரா வட்டாரத்தில் கர்நூலும் உண்டு. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

விதி செய்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. 1969-இல் தெலங்கானாவும் 1972-இல் கடலோர ஆந்திராவும் கொந்தளித்தன. வேலையும் படிப்பும் யாருக்கு என்பதுதான் அடிப்படைச் சண்டை. 1973-இல் ஆறு அம்சத் திட்டம் வந்தது, அரசியல் சாசனத்தில் 371டி சேர்ந்தது, அதன் கீழ் இந்த ஆணை. எங்கள் ராயலசீமைப் பிள்ளைகளுக்கு விஜயவாடாவின் வசதியான கல்லூரிகளோடு மோதாமல் ஓர் இடம் வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே அந்த நியாயத்தால் படித்தவர்கள் இருக்கிறார்கள். வட்டாரத்துக்கு வடக்கிலும் கிழக்கிலும் இருப்பவர்களை நினைத்து எழுதிய ஆணை. தெற்கே ஒரு எல்லை இருக்கிறது, அதைத் தாண்டி டவுன் பஸ்போலப் போய்வருகிற குடும்பங்கள் இருக்கின்றன என்று யாருக்கும் அன்று தோன்றியிருக்காது.

அந்த எல்லைக்கும் வயது அதிகமில்லை. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். வேலூர்க்காரர் கலெக்டரைப் பார்க்க இங்கே வந்தார். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அங்கே போனது. 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானது. எங்கள் கொள்ளுத் தாத்தா கட்டிய வீடு இத்தனைக்கும் நடுவில் ஓரடி நகரவில்லை. அதற்குள் வசித்தவர்கள்தான் அவ்வப்போது வேறு ஊர்க்காரர்களாக ஆனார்கள்.

இப்படி விதியில் மாட்டிக்கொண்டவர்களிடம் அலுவலகங்களில் 'விலக்கு' என்ற சொல்லை மட்டும் எல்லோரும் நம்பிக்கையோடு உச்சரிப்பார்கள். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் ஊர்ப் பாதை பிரியும் இடத்துக்கும் விலக்கு என்றுதான் பெயர். பஸ் உங்களை அங்கே இறக்கிவிட்டுப் போய்விடும். ஊருக்கு நடக்க வேண்டியது நீங்கள். முனைவர் பட்டத்துக்கு நான் பதிந்தபோது 2016-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகள் நடப்பில் இருந்தன. எம்.ஃபில். முடித்தவருக்குக் கோர்ஸ் வொர்க்கிலிருந்து துறை விலக்கு 'அளிக்கலாம்'. அந்த 'லாம்' என்னை எட்டு மாதம் அலைக்கழித்தது. பழைய பாடத்திட்டத்தில் முத்திரை வாங்கி வா என்றார்கள். பாடத்திட்டம் மாறி வருஷமாகிவிட்டது, பழையது பரணில் இருக்கும் என்றது எம்.ஃபில். தந்த இடம். எதற்கும் வகுப்பில் உட்கார்ந்திருங்கள் என்றார் ஒரு நல்ல மனிதர். உட்கார்ந்தேன். தேர்வும் எழுதினேன். விலக்கு ஆணையும் அந்தத் தேர்வின் மதிப்பெண் பட்டியலும் ஒரே உறையில் வந்தன. பிறகு 2022 விதிகள் எம்.ஃபில். படிப்பையே நிறுத்திவிட்டன.

என் ஆசிரியர் தலைமுறைக்கு இன்னொரு விலக்கு. 2009 ஜூலை 11-க்கு முன் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவர்கள் கல்லூரி ஆசிரியராக நெட் தகுதித் தேர்வு எழுத வேண்டியதில்லை. ஐந்து நிபந்தனைகளை நிறைவேற்றியதாகப் பல்கலைக்கழகம் சான்று தந்தால் போதும். அவற்றில் ஒன்று, வாய்மொழித் தேர்வு எல்லோரும் பார்க்கத் திறந்த நிலையில் நடந்திருக்க வேண்டும். அன்று கதவு திறந்திருந்ததா என்று பல வருஷம் கழித்து எந்தப் பியூனைப் போய்க் கேட்பது?

அக்கா மகளுக்கு விலக்கு எதுவும் இல்லை. மீதமுள்ள 15 சதவீத இடங்கள் இருந்தன. பெற்றோரில் ஒருவர் மாநிலத்தில் பத்து வருஷம் வசித்திருந்தால் அதில் போட்டியிடலாம். மேசைக்காரர்தான் வழி சொன்னார். ஆக, அவள் இந்த ஊர் என்பதை அவள் படிப்பு நிரூபிக்க முடியாது. அக்காவின் அடுப்படி நிரூபிக்கும். அக்கா ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வார்டு செயலகத்தில் மனுக் கொடுத்தாள். நாலு தடவை நடந்தபிறகு தாசில்தார் கையெழுத்தோடு குடியிருப்புச் சான்று வந்தது.

அதே மேசைக்கு மறுபடி போனோம். இந்த முறை வேறொருவர். சான்றை வாங்கி முகவரியைப் படித்தவர் புருவத்தை உயர்த்தினார்.

"வேலூரா?"

"வேலூர் ரோடு சார்" என்றாள். "சித்தூரில் இருக்கு."