பொதுப்பணமும் கிணறு தோண்டியவரின் வாக்கும்

என் வாப்பாவின் கடைசி நான்கு வருடங்கள் மறதி நோயோடு கழிந்தன. பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக மறந்தார். உம்மா மௌத்தானதை மறந்து, மஃரிப் நேரங்களில் அவரைத் தேடி அறை அறையாக நடப்பார். ஆனால் மேட்டு வளவில் கிணறு தோண்டிய கதையை மட்டும் பிசகாமல் சொல்லி வந்தார்.

தோண்டுவதற்கு இருவர் வந்தார்களாம். முதலாமவர், இருபது அடியில் தண்ணீர் இருக்கிறது, சத்தியம் என்றாராம். இரண்டாமவர், "நிலத்துக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது காக்கா. தோண்டிப் பார்ப்பம். கல் வந்தா மறைக்காமச் சொல்லுவன்" என்றாராம். வாப்பா இரண்டாமவரிடமே வேலையைக் கொடுத்தார். பதினெட்டு அடியில் கருங்கல் வந்தது. அவரே மேலே ஏறி வந்து அதைச் சொன்னார். வாப்பா அந்தக் குழிக்கும் கூலியைக் கொடுத்து, வளவின் மறுபக்கத்தில் தோண்டச் சொன்னார். அங்கே தண்ணீர் வந்தது. "வராத தண்ணிக்கும் ஏன் வாப்பா காசு குடுத்தீங்க?" என்று கேட்டால், "அவர் பொய் சொல்லலியே மகன்" என்பார்.

அண்மைக் காலமாக இக்கதையை நான் வேறொரு விடயத்தோடு சேர்த்து யோசித்து வருகிறேன். வாப்பாவுக்கு ஏன் காலையில் உண்டது நினைவில் இல்லை, நாற்பது வருடத்துக்கு முந்திய கிணறு மட்டும் நினைவில் இருக்கிறது என்று வைத்தியரிடம் கேட்டேன். புதிய ஞாபகம் மூளையில் பதிவதற்கு நரம்புக் கலங்களுக்கிடையிலான தொடர்புகள் மாற வேண்டும், அந்த வேலைதான் முதலில் கெடுகிறது என்று ஒரு தாளில் கீறி விளக்கினார். அந்த விளக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோது, அதில் பெரும்பகுதி அமெரிக்க மக்களின் வரிப்பணத்தில் பிறந்தது என்பதை அறிந்தேன். முப்பது வருடம் விஞ்ஞானம் கற்பித்தவனாகிய நான், விஞ்ஞானத்தின் கணக்குப் புத்தகத்தை அதுவரை திறந்து பார்த்ததே இல்லை.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் பெதெஸ்டாவில் தேசிய சுகாதார நிறுவனங்கள் என்ற அரச அமைப்பு உள்ளது. மருத்துவ ஆய்வுக்குப் பொதுப்பணத்தை வழங்கும் அமைப்புகளில் உலகிலேயே பெரியது இதுதான். 2024ஆம் ஆண்டில் அதன் பாதீடு ஏறத்தாழ 47 பில்லியன் டொலர். அதில் எண்பது வீதத்துக்கும் அதிகமான பணம் வெளியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வுகூடங்களுக்கும் செல்கிறது. ஆய்வாளர் விண்ணப்பம் எழுதுகிறார். அதே துறையைச் சேர்ந்த வேறு ஆய்வாளர்கள் குழுவாகக் கூடி அதற்குப் புள்ளியிடுகிறார்கள். நீண்ட காலமாக ஐந்து விண்ணப்பங்களில் ஏறத்தாழ ஒன்றுக்கே பணம் கிடைத்து வந்திருக்கிறது.

இங்கேதான் நான் எழுப்ப விரும்பும் வினா வருகிறது. பயன் என்னவென்று யாருக்கும் தெரியாத ஓர் ஆய்வுக்கு, கூலியாளின் வரிப்பணத்தைக் கொடுப்பது நியாயமா? பொதுப்பணம் ஓர் அமானிதம். அமானிதத்தைச் சூதாட்டப் பலகையில் வைக்க யாருக்கு உரிமை உண்டு?

இவ்வினாவை அமெரிக்காவில் உரத்துக் கேட்டவர் விஸ்கொன்சின் மாநில செனட்டர் வில்லியம் ப்ரொக்ஸ்மயர். 1975 தொடக்கம் 1988 வரை, அரச பணத்தை வீணடிப்போருக்கென்று "தங்கக் கம்பளி" என்ற கேலிப் பரிசை அவர் அறிவித்து வந்தார். மனிதர் ஏன் காதலிக்கிறார்கள் என்று ஆராய 84,000 டொலர் கொடுக்கப்பட்டதற்கே முதற் பரிசு. அவரை வெறும் விதூஷகராக எண்ணிவிடக் கூடாது. தன்னுடைய தேர்தலுக்கே இருநூறு டொலருக்கும் குறைவாகச் செலவழித்த சிக்கனக்காரர் அவர். ஆனால் அவருடைய கேலிக்கு ஆளானவர்களுள் குரங்குகளின் தாடை இறுகுவதைக் கொண்டு ஆத்திரத்தை அளக்க முயன்ற ரொனால்ட் ஹட்சின்சன் என்ற ஆய்வாளரும் ஒருவர். அவர் வழக்குத் தொடுத்தார். செய்தி அறிக்கையில் சொன்னவற்றுக்கு செனட்டர் என்ற பாதுகாப்புச் செல்லாது என்று 1979இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் ப்ரொக்ஸ்மயர் பத்தாயிரம் டொலர் கொடுத்துச் சமாதானமானார்.

கேட்டவுடன் சிரிப்பு வருவதை வீண் என்று முடிவு செய்வது எத்தனை இலகு! எரிக் கண்டெல் என்ற மருத்துவர் மனித ஞாபகத்தை விளங்கிக்கொள்ள விரும்பி, 1960களில் அப்லீசியா என்ற கடல் நத்தையிடம் போனார். நத்தைக்கு என்ன ஞாபகம் என்று துறையின் மூத்தவர்களே அவரை எச்சரித்தார்கள். அதன் நரம்புக் கலங்கள் இருபதாயிரம் அளவில் மட்டுமே, அவற்றுள் சில வெறுங்கண்ணுக்கே தெரியும் என்பதுதான் அவருடைய நியாயம். குறுகிய ஞாபகத்தில் இருக்கும் தொடர்பு பலப்படுகிறது, நீண்ட ஞாபகத்தில் புதிய தொடர்பே முளைக்கிறது என்று அந்த நத்தை சொல்லிக் கொடுத்தது. 2000ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வைத்தியர் எனக்குத் தாளில் கீறிக் காட்டிய கோடுகளின் வேர்களில் ஒன்று அந்த நத்தைதான்.

இன்னோர் உதாரணம், எங்கள் வீடுகளில் சீனி வருத்தம் என்று சொல்லும் நீரிழிவு பற்றியது. அமெரிக்கப் பாலைவனத்தில் ஹீலா என்ற நச்சுப் பல்லி உண்டு. நியூயோர்க்கின் ப்ரொங்ஸ் பகுதியிலுள்ள முன்னாள் படையினருக்கான அரச வைத்தியசாலையில் பணியாற்றிய ஜோன் எங், அதன் நஞ்சிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து 1992இல் அறிவித்தார். உணவுக்குப் பின் இன்சுலினைத் தூண்டும் மனித ஹோமோன் ஒன்றை அது ஒத்திருந்தது. மனித ஹோமோன் சில நிமிடங்களில் அழிந்துவிடும், இதுவோ மணிக்கணக்கில் நின்றது. 2005இல் அது மருந்தாக அங்கீகாரம் பெற்றது. இன்று உலகெங்கும் பேசப்படும் ஒரு மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுதான்.

இத்தகைய கதைகளைச் சொல்லி, "ஆகவே எல்லா ஆய்வுக்கும் கேள்வியின்றிக் கொடுங்கள்" என்று முடிப்பது ஆய்வாளர்களின் வழக்கம். அம்முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. தண்ணீர் வந்த கிணறுகளை மட்டும் எண்ணிக் காட்டுவது நேர்மையான கணக்கல்ல. கல் வந்த குழிகள்தான் அதிகம். அக்குழிகளுக்கும் மக்கள் கூலி கொடுக்க வேண்டும் என்றால், அதற்கு வேறொரு நியாயம் வேண்டும்.

அந்த நியாயத்தை வாப்பாதான் சொன்னார். குழியில் தண்ணீர் வராதது குற்றமல்ல. வரும் என்று சத்தியம் செய்ததே குற்றம். குரங்கின் தாடையைப் பார்த்துச் சிரித்த செனட்டரும், நிலத்துக்குள் தண்ணீர் இருப்பதாகச் சத்தியம் செய்யும் விஞ்ஞானியும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இருவரும் தமக்குத் தெரியாததைத் தெரியும் என்கிறார்கள்.

பின்னவருக்கும் உதாரணம் உண்டு. பத்தாண்டுகளில் மனித மூளையின் மாதிரியைக் கணனியில் கட்டிவிடலாம் என்று 2009இல் ஹென்றி மார்க்ரம் என்ற நரம்பியலாளர் பகிரங்க மேடையில் பேசினார். 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அவருடைய மனித மூளைத் திட்டத்தைப் பெருந்திட்டமாக ஏற்றது. அடுத்த ஆண்டிலேயே நூற்றுக்கணக்கான நரம்பியலாளர்கள் எதிர்ப்புக் கடிதத்தில் கையொப்பமிட்டார்கள். தலைமை மாற்றப்பட்டது. ஏறத்தாழ 600 மில்லியன் யூரோ செலவில் 2023இல் திட்டம் நிறைவுற்றது. மூளையின் நல்ல வரைபடங்களும் கணனிக் கருவிகளும் கிடைத்தன. வாக்களித்த மூளை மட்டும் கிடைக்கவில்லை. வரைபடத்துக்கென்றே கேட்டிருந்தால் அது வெற்றியாக எண்ணப்பட்டிருக்கும்.

வாப்பாவின் நோயிலும் இதுவே நடந்தது. 2011இல் அமெரிக்கா அல்சைமர் நோய்க்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன்கீழ் 2012இல் வெளிவந்த தேசியத் திட்டம், 2025ஆம் ஆண்டளவில் இந்நோயைத் தடுக்கவும் திறம்படச் சிகிச்சையளிக்கவும் வேண்டும் என இலக்கு வைத்தது. 2011இல் 500 மில்லியன் டொலருக்கும் குறைவாயிருந்த ஆய்வுப் பணம் பத்தாண்டுகளில் 3 பில்லியனைத் தாண்டியது. 2023இல் முழு அங்கீகாரம் பெற்ற லெகனெமாப் என்ற மருந்து, நோயின் ஆரம்பக் கட்டத்திலிருப்போரின் சரிவை 18 மாதங்களில் 27 வீதம் மெதுவாக்கியதாகச் சோதனையில் கண்டார்கள். அது சிறிய விடயமல்ல. ஆனால் 2025 வந்து போயிற்று, நோய் போகவில்லை. இடையில், 2006இல் வெளியாகிப் பெரிதும் மேற்கோள் காட்டப்பட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையின் படங்கள் மாற்றப்பட்டிருப்பதாக 2022இல் கேள்வி எழுந்து, 2024 ஜூனில் அக்கட்டுரை மீளப் பெறப்பட்டது. அத்துறை முழுவதும் அந்த ஒரு கட்டுரையின் மேல் நின்றதென்று சொல்வது மிகை. எனினும், பதினெட்டு அடியில் வந்த கல்லைப் பதினெட்டு வருடம் கழித்துச் சொல்வது போன்றதுதான் அது.

விஞ்ஞானிகள் ஏன் சத்தியம் செய்கிறார்கள்? அவர்களை மட்டும் குற்றஞ்சாட்டுவது நீதியல்ல. ஐந்தில் ஒருவருக்கே பணம் என்றால், "தெரியாது" என்று எழுதுபவருக்கு யார் புள்ளியிடுவார்? ஹங்கேரியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கத்தலின் கரிகோ, தூது ஆர்.என்.ஏ.யை மருந்தாக்கலாம் என்று மானியங்களுக்கு விண்ணப்பித்து விண்ணப்பித்து மறுக்கப்பட்டார். 1995இல் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டார். 2005இல் அவரும் ட்ரூ வைஸ்மனும் செய்த கண்டுபிடிப்பு கொவிட் தடுப்பூசிகளுக்கு வழிவகுத்தது. 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அத்தகைய ஊசியொன்று என் புயத்திலும் ஏறியிருக்கிறது. நிச்சயம் கேட்கும் பெட்டியிடம் நிச்சயம் விற்பவர்களே வருவார்கள். பொய்யில் பாதிப் பங்கு, அதைக் கேட்டு வாங்குபவருக்கும் உண்டு.

என் நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "உங்கட வாப்பாவைக் குளிப்பாட்டி விட ஒராள் தேவைப்பட்ட நேரம் இந்த நத்தையால என்ன பயன் சேர்?" என்றார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் முழுப்பதில் என்னிடம் இல்லை. இன்று கட்டிலில் கிடப்பவரின் உரிமையை, இன்னும் பிறக்காத நோயாளியின் பெயரால் பறிக்கக் கூடாது. அதே நேரம், பிறக்காதவருக்கு வாயில்லை என்பதற்காக அவருடைய பங்கை நாமே தின்று தீர்க்கவும் கூடாது. ஆய்வுக்கான பங்கு எவ்வளவு என்பதில் மனிதர் முரண்படலாம். அப்பங்கு எதற்கு என்பதில் மட்டும் யாரும் ஏமாற்றப்படக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2010 முதல் 2016 வரை அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற 210 புதிய மருந்துகளையும் ஆராய்ந்த ஒரு கட்டுரை 2018இல் வெளிவந்தது. அத்தனை மருந்துகளின் பின்னாலும் மேற்சொன்ன அரச அமைப்பின் பணத்தில் நடந்த ஆய்வு இருப்பதை அது காட்டியது. ஆனால் 1980இன் பே-டோல் சட்டப்படி, அரச பணத்தில் கண்டுபிடித்தவற்றின் காப்புரிமையைப் பல்கலைக்கழகங்கள் தாமே வைத்துக்கொண்டு கம்பனிகளுக்கு வழங்கலாம். கண்டுபிடிப்புகள் அலுமாரியில் தூங்காமல் மருந்தாக வெளிவர அது உதவியது உண்மை. எனினும், கிணற்றுக்குக் காசு கொடுத்தவரே வாளிக்கு வாடகையும் கட்டுவதா என்ற கேள்விக்கு அச்சட்டத்தில் போதிய பதில் இல்லை.

2025இல் அமெரிக்க அரசு ஆயிரக்கணக்கான ஆய்வு மானியங்களை இடைநடுவில் நிறுத்தியது. வழக்குகள் எழுந்தன, சில மானியங்கள் மீளக் கிடைத்தன. அரசு தன் முன்னுரிமைகளை மாற்றக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மக்கள் தெரிவு செய்த அரசுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் தோண்டுகிறவர் கல் வந்ததென்று சொல்லி நிறுத்துவது வேறு, குழிக்குள் ஆள் நிற்கும்போது மேலே நின்று கயிற்றை அறுப்பது வேறு. மருந்துச் சோதனையில் தம் உடலையே ஒப்புக்கொடுத்த நோயாளிகளும் அக்குழிக்குள் இருந்தார்கள். வாக்கு என்பது கேட்பவருக்கு மட்டுமல்ல, கொடுப்பவருக்கும் உரியது.

ஆகவே என் முடிவு இதுதான். பயன் தெரியாத ஆய்வுக்குப் பொதுப்பணத்தைக் கொடுப்பது அமானித மோசடி அல்ல. பயன் தெரியும் என்று சொல்லிக் கேட்பதும், அப்படிச் சொல்பவருக்கே கொடுப்பதும், கல் வந்ததை மறைப்பதும்தான் மோசடி. "தெரியாது, தேடிப் பார்ப்போம், கண்டதைச் சொல்வோம்" என்ற மூன்று வார்த்தைகளுக்கு மக்கள் பணம் கொடுக்கலாம். பணம் கொடுத்த மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. வெறுங்குழியைக் காட்டும் மனிதரை அவர்கள் கள்வராகப் பார்க்கக் கூடாது.

வாப்பா தன் கடைசி மாதத்தில் கிணற்றுக் கதையையும் மறந்துவிட்டார். ஒருநாள் நான் அதை அவருக்குச் சொன்னேன். புதிதாய்க் கேட்பவர் போல் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாமவர் சொன்னதைச் சொல்லி முடித்ததும், "நல்ல மனிசன்" என்றார்.