காசுக்குக் குறைவா?

"நமக்கென்ன காசுக்குக் குறைவா அம்மா? பிறர் புண்ணைக் கழுவித்தான் நாம் சாப்பிட வேண்டுமா?"

நாமக்கல்லில் ஜவுளி வணிகம் செய்யும் நண்பர் ஒருவர் தம் மகளிடம் இவ்வாறு கேட்டபோது நாம் அருகிலிருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பெண். "அத்தா, நான் நர்சிங் படிக்கிறேன்" என்று அவள் சொன்னதற்குத்தான் இந்தப் பதில். சினத்தில் வந்த சொல் அன்று; பாசத்தில் வந்தது. ஆயினும் அதற்குள் ஒரு முடிவு ஒளிந்திருந்தது. தாதி வேலை வறுமை தள்ளிக்கொண்டு போய் விடும் வேலை, பணக்கவலை இல்லாத ஒருத்தி அதை நாடமாட்டாள், நாடவும் கூடாது. நம்மவர் வீடுகள் பலவற்றில் இம்முடிவு வாதமின்றியே ஏற்கப்பட்டிருக்கிறது.

அது உண்மைதானா? நாட்டிலுள்ள தாதியர் அனைவருக்கும் நாளை விடியும்போது பணக்கவலை அடியோடு நீங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை எத்தனை பேர் வேலைக்கு வருவார்கள்?

இக்கேள்வி மனத்தில் கிடக்க, சில வாரங்கள் கழித்து நாம் கொல்லிமலைக்குச் செல்ல நேர்ந்தது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலேறுகிறது. கடையேழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. இங்கே ஊர்த்தொகுதிகளை 'நாடு' என்றே அழைக்கிறார்கள். வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு என்று பல. அவற்றுள் ஒன்று குண்டனி நாடு. அந்தப் பக்கம் செல்லும் பேருந்தில் நமக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்தவர் கிராமச் சுகாதாரச் செவிலியர். மடியில் கனத்த பை. அதற்குள் தடுப்பூசிப் பெட்டியும் பதிவேடுகளும். பேச்சு வளர்ந்தபின் கேட்டோம்: "பணக்கவலையே இல்லையென்றால் இந்த வேலையில் இருப்பீர்களா அம்மா?"

அவர் சிரித்தார். "முதலில் கடன் அடையட்டும் பாய், அப்புறம் கேளுங்கள்" என்றார்.

மழுப்பலான விடையென்று அப்போது நமக்குத் தோன்றியது. பிறகு எண்ணிப் பார்க்கையில், கேள்விதான் மழுப்பலானது என்று புரிந்தது. அதற்கு வருமுன், இதே மலையில் இக்கேள்விக்கு வாழ்ந்தே விடை கூறிய ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் ஈவ்லின் பிராண்ட். 1879-இல் பிறந்தவர், இலண்டனில் செல்வக் குடும்பத்துப் பெண், ஓவியம் பயின்றவர். கிறித்தவ சமயப் பணிக்கென இந்தியா வந்து, 1913-இல் ஜெஸ்ஸி பிராண்ட் என்பவரை மணந்து, அவருடன் இம்மலையில் குடியேறினார். சமயம் பரப்ப வந்தவர்கள் என்ற செய்தியை நாம் மறைக்கவில்லை; அதை ஒட்டியோ வெட்டியோ உரைப்பது இக்கட்டுரையின் வேலையும் அன்று. நமக்கு வேண்டியது, அவர்கள் நோயாளிகளிடம் நடந்துகொண்ட விதம். அந்நாளில் இம்மலை மலேரியாவுக்குப் பேர்போனது. சமவெளி மக்கள் ஏறவே அஞ்சினார்கள். நரம்புச் சிலந்தி என்னும் புழு மக்களின் கால்களில் கொப்புளமாய் எழும். அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றி நாட்கணக்கில் மெல்ல வெளியேற்ற வேண்டும். இழுக்கும்போது அறுந்தால் புண் சீழ் பிடிக்கும். அவ்வேலையையெல்லாம் இவர்கள் தம் கையால் செய்தார்கள். (அந்தப் புழுநோய் இந்தியாவிலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-இல்.)

1929 ஜூனில் மலேரியாவையொட்டி வரும் கொடிய காய்ச்சல் ஒன்றில் ஜெஸ்ஸி இறந்தார். வாழவந்தியில் அடக்கம் செய்யப்பட்டார். ஈவ்லினுக்கு அப்போது ஐம்பது வயது. தாயகம் சென்று ஓய்ந்திருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். சென்றார், திரும்பி வந்தார். அவரை அனுப்பிய சபை அவரைச் சமவெளியில் பணியமர்த்தியது. எழுபதை எட்டும் வயதில், போதும், ஓய்வு பெறுங்கள் என்றது. அவரோ சபையிலிருந்து விலகிக்கொண்டு, தம் பொறுப்பில் மீண்டும் மலையேறினார்! கொல்லிமலை மட்டுமன்றிக் கல்வராயன் மலை, பச்சைமலை என்று சுற்றியுள்ள மலைகளிலும் மட்டக்குதிரை மேலேறிச் சுற்றினார். விழுந்து எலும்பு முறிந்தபின் இரு கைகளிலும் மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். தள்ளாத வயதில் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே இருக்கவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். 1974 டிசம்பரில், 95-ஆம் வயதில் இறந்தார். வாழவந்தியில் கணவருக்கு அருகிலேயே அடக்கம். அந்த மகன்தான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளர்களின் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திக் காட்டிய டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் பெற்றோரின் இந்த மலை வாழ்க்கையில் பிறந்தவர்.

ஓய்வு பெறு என்று சொன்ன பிறகும் ஒரு கிழவி ஏறக்குறைய கால் நூற்றாண்டு மலையில் அலைந்திருக்கிறாள் என்றால், நம் நண்பரின் முடிவு தகர்ந்துபோகிறது. இதற்கு இவர் ஒருவரே சான்று என்பதும் இல்லை. தாதித் தொழிலுக்கே தாயெனப் போற்றப்படும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கு, 1853-இல் அவர் தந்தை ஆண்டுக்கு 500 பவுன் ஒதுக்கினார். அந்தத் துணையோடு அவர் இலண்டனில் ஒரு மருத்துவ இல்லத்தின் மேற்பார்வையை ஊதியமின்றி ஏற்றார். மறு ஆண்டே போர்முனைக் காயக்காரர்களைப் பேணப் போனார். நம் வரலாற்றில் ருஃபைதா (ரலி) அவர்கள் இருக்கிறார்கள். ஹிஜ்ரி 5-இல் நடந்த அகழ்ப்போரில் அம்பு பாய்ந்த ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களைக் கிடத்திப் பேணியது, மதீனாப் பள்ளிவாசலில் ருஃபைதா அம்மையாருக்கென அமைந்த கூடாரத்தில்தான். பிறர் புண்ணைக் கழுவுவது குடும்ப மானத்துக்குக் குறைவென்றால், அந்தக் கூடாரம் பள்ளிவாசலுக்குள் இடம்பெற்றிருக்குமா?

இத்துடன் நிறுத்திக்கொண்டால் கட்டுரை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் இங்கேதான் ஒரு கள்ளம் நுழைகிறது. 'பணம் இல்லாவிட்டாலும் செய்வாள்' என்று ஒருத்தியைப் புகழ்கிறவன், அடுத்த மூச்சில் 'ஆகவே பணம் குறைத்துக் கொடுக்கலாம்' என்று கணக்குப் போடுகிறான். இதை நாம் வெளியில் தேட வேண்டியதில்லை. நம் மஹல்லாவிலேயே காணலாம். இமாமுக்கும் மோதினாருக்கும் ஊதியம் உயர்த்தும் பேச்சு வந்தால் கூட்டத்தில் ஒரு குரல் எழும்: "அவர் அல்லாஹ்வுக்காக அல்லவா செய்கிறார்!" அப்படிச் சொல்பவர் தம் கடையில் ஒரு கெஜம் துணியையும் அல்லாஹ்வுக்காக அளந்து கொடுத்ததில்லை.

தமிழகத்தில் 2015-இல் தேர்வெழுதி ஒப்பந்த முறையில் அரசுப் பணியேற்ற செவிலியருக்கு மாத ஊதியம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் சென்னையில் கூடிப் போராடினார்கள். அடுத்த ஆண்டு அது 14,000 ஆயிற்று. தனியார் மருத்துவமனைகளின் நிலை கண்டு 2016-இல் உச்ச நீதிமன்றமே ஒரு குழு அமைக்கச் சொல்லியது. ஐம்பது படுக்கைக்கும் குறைந்த சிறு மருத்துவமனையானாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பது அக்குழுவின் பரிந்துரை. பரிந்துரை தாளில் இருக்கிறது. போராடிய நாட்களில், சேவை செய்ய வந்தவர்கள் கூலி கேட்கலாமா என்று முணுமுணுத்தவர்களை நாம் அறிவோம். அவர்களுள் ஒருவரும் தம் சொந்த நோய்க்குக் கூலி வாங்காத தாதியைத் தேடிப் போனவர் அல்லர்.

ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவான மறுநாள், வழக்கம்போல் துணி மூட்டையைத் தோளிலிட்டுச் சந்தைக்குப் புறப்பட்ட செய்தியை நம் குழந்தைகளும் அறியும். ஆட்சிப் பொறுப்பையும் குடும்பத்தையும் எப்படிச் சேர்த்துச் சுமப்பீர்கள் என்று தோழர்கள் வழிமறித்து, பைத்துல்மாலிலிருந்து அவருக்கு ஊதியம் வகுத்தார்கள். அவருடைய இக்லாஸில் யாருக்கும் ஐயமில்லை. அந்த ஊதியத்தால் அது குறைந்ததாகவும் யாரும் சொன்னதில்லை. இறக்கும் வேளையில் தாம் பெற்றதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவர் அவர். அந்தத் தோழர்கள் செய்தது என்ன? அவருடைய உழைப்புக்கு விலை பேசவில்லை; விலை பேசக்கூடியதும் அன்று. பணக்கவலையை அவர் தோளிலிருந்து இறக்கினார்கள். வேலையைச் செய்ய அவர் கைகள் விடுபட்டன. கைபருக்குச் சென்று காயக்காரர்களைப் பேணிய பெண்களுக்கும், கேளாமலே, அண்ணலார் (ஸல்) அவர்கள் வெற்றிப் பொருளிலிருந்து ஒன்றை வழங்கியதாக வரலாறு கூறுகிறது.

இப்போது அந்தப் பேருந்துச் செவிலியரின் விடைக்கு வருவோம். 'பணக்கவலை இல்லையென்றால்' என்று நாம் எளிதாகச் சொன்ன நிபந்தனை, அவருக்கு ஒரு பெயருள்ள கடன். தவணைத் தேதியுள்ள கடன். அது தீராமல் அவர் மனத்தில் என்ன இருக்கிறதென்று அவருக்கே எப்படித் தெரியும்? ஈவ்லின் அம்மையாருக்குத் தெரிந்தது, அவர் பிறந்த வீடு அப்படி. நைட்டிங்கேலுக்குத் தந்தையின் 500 பவுன் இருந்தது. கடன் அடைந்த மறுநாள் அந்தச் செவிலியர் வேலையை விட்டுவிட்டால்? விடட்டுமே. எல்லோருக்கும் அந்த மனம் வாய்க்காது. வாய்க்காத மனத்தோடு முப்பது ஆண்டு ஊசி போட்டவளிடம் குற்றமில்லை, ஒருவகையில் அவள் பட்ட பாடு இன்னும் பெரிது. வேறு சிலர் வேலையை விடமாட்டார்கள். தொடர்ந்து வரும் இரவுப் பணியை விடுவார்கள், ஒருத்தி நாற்பது படுக்கைகளைப் பார்க்கும் கொடுமையை விடுவார்கள். நோயாளியின் நெற்றியில் வைத்த கையை எடுக்கமாட்டார்கள் என்றே நாம் எண்ணுகிறோம்.

மலையிலிருந்து இறங்கியதும் நண்பர் வீட்டுக்குச் சென்று இவற்றையெல்லாம் விரிவாகச் சொன்னோம். ஈவ்லின் அம்மையாரின் மட்டக்குதிரையைப் பற்றிச் சொன்னபோது மகள் கதவோரம் வந்து நின்றாள். நண்பர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "சரி, படித்து முடித்தால் என்ன சம்பளம் கொடுப்பார்கள்?"

உள்ளே சென்ற பெண் சிரிக்கும் ஒலி கேட்டது.