கருவியின் பெறுமதி

ஒரு பொருளின் பெறுமதி அதன் பயனில் உள்ளதா, அருமையில் உள்ளதா என்னும் வினா மெய்யியலாருக்குப் புதியதன்று. பழைய கைக்கருவிகளைச் சேகரிப்போரிடையே அவ்வினா விலையாகவே உருப்பெறுகின்றது.

அமெரிக்காவின் ஸ்ரான்லி நிறுவனம் 1869இல் லெனாட் பெய்லியின் சீவுளிக் காப்புரிமைகளைப் பெற்று, இலக்கமிட்ட வரிசையாகச் சீவுளிகளை வெளியிட்டது. 14 அங்குல நீளமான ஐந்தாம் இலக்கம் தச்சரின் அன்றாடத் துணை. பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்டமையால் இன்றும் மலிவானது. 5½ அங்குல நீளமேயான முதலாம் இலக்கத்தின் பிடியோ வளர்ந்தவர் கைக்கு மிகச் சிறிது. 1943இல் உற்பத்தி நின்ற அது, இன்று ஆயிரம் டொலரையும் கடந்து விலைபோவதுண்டு. அன்றியும், பெட்டியோடு பாவிக்கப்படாதிருக்கும் கருவிக்கே உயர்ந்த விலை; தேய்ந்த அலகும் மாற்றிய பிடியும் விலையைக் குறைக்கும். உழைப்பின் சுவடே இங்கு குறையாகின்றது.

இதனாற் சேகரிப்பாளரைப் பழித்தல் தகாது. மின்பொறிகள் பரவியபோது கைவிடப்பட்ட கருவிகள் பலவற்றைப் பழைய இரும்போடு போகாது காத்தவர் அவரே. ஆயினும் அவர் காத்தவை இரும்பும் மரமுமே. அலகைத் தீட்டும் பக்குவமும், மரத்தின் நார் ஓடும் திசையை உள்ளங்கையால் உணரும் அறிவும் கண்ணாடிப் பேழையுள் அடங்குவன அல்ல. அவை ஒரு கையிலிருந்து மறுகைக்கே செல்வன.

அருமை சந்தை தரும் பெறுமதி. அது சந்தையோடு மாறும். பயனோ கருவிக்கும் கைக்கும் இடையிலான உறவு. அவ்வுறவு அற்றவிடத்து எஞ்சுவது கருவியன்று, அதன் வடிவமே. எனவே கருவியை உடைமையாக்கியவர் ஒரு கடமையையும் ஏற்கின்றார்: கறள் நீக்கி, அலகு தீட்டி, இளையோன் ஒருவன் கையில் அதனைக் கொடுத்து ஒரு பலகையையேனும் சீவச் செய்தல். அதனால் விலை சிறிது குறையலாம், பெறுமதி குறையாது.