தராசில் வைக்கலாகாதவை

அந்தமான் தீவுகளில் பொழுது விரைவில் சாய்கிறது. பாரதம் முழுவதற்கும் கடிகாரம் ஒன்றே. தீவுகளோ நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கின்றன. ஆகவே மார்கழி மாதத்தில் ஸ்ரீ விஜயபுரத்தில் மாலை ஐந்து மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் வரை போர்ட் பிளேயர் என்று வழங்கிய நகரம் அது. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒன்றை மனக்கண்ணில் காணலாம்.

விளக்கேற்றும் வேளை. பள்ளியிலிருந்து வந்த மகள் கணக்குப் புத்தகத்தை விரித்துக்கொண்டு தாயின் அருகில் அமர்கிறாள். மாமியார் மாத்திரைக்காகக் காத்திருக்கிறார். கணவர் அலுவலகத்திலிருந்து திரும்பும் நேரம். சென்னையிலிருந்து கப்பலில் வந்த அழகுசாதனப் பொருள்களும் சமையலறை டப்பாக்களும் கூடத்து அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கைப்பேசி ஒலிக்கிறது, மறுமுனையில் ஒரு வாடிக்கையாளர். தாய் எழுந்து செல்கிறார். அரைமணி நேரம் கழித்து அவர் திரும்பும்போது மகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உறங்கிக்கொண்டிருக்கிறாள்.

இதில் குற்றம் யாருடையது? அந்தத் தாய் சம்பாதிப்பது மகளின் படிப்புக்காகவே. ஆயினும் அந்தச் சம்பாத்தியமே அன்றைய படிப்பைத் தடுத்துவிட்டது. வீட்டிலிருந்தபடியே நேரடி விற்பனை செய்யும் ஆயிரக்கணக்கான இல்லத்தரசிகள் நாள்தோறும் சந்திக்கும் தர்மசங்கடம் இது. ‘நேரத்தைச் சரியாகப் பங்கிட்டுக்கொண்டால் போதும்’ என்பதே பலரும் கூறும் யோசனை. ஆனால் இது வெறும் நேரக் கணக்குத்தானா?

பொருள் ஈட்டுவது பழியன்று

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். குடும்பப் பெண் வியாபாரம் செய்வது பேராசை என்றும், அது நமது மரபுக்கு ஒவ்வாதது என்றும் சிலர் கருதுகின்றனர். நமது முன்னோர் அவ்வாறு கருதவில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கு உறுதிப்பொருள்களில் பொருளுக்கும் இடம் அளித்தனர். அறத்தின் வழியே அது வர வேண்டும் என்று மட்டுமே விதித்தனர்.

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் ஆயர்குலப் பெண்ணைக் காட்டுகிறார். அவள் பறவைகள் விழித்தெழும் விடியற்காலையில் தயிர் கடைகிறாள். மோர்ப் பானையைத் தலையில் சுமந்து சென்று தானே விற்கிறாள். மோருக்கு ஈடாகக் கிடைத்த உணவுப் பொருளால் சுற்றத்தார் அனைவரையும் உண்பிக்கிறாள். நெய்யை விற்கும்போது அதன் விலைக்குப் பொன் பெற மறுத்து, எருமையும் பசுவுமாகவே பெற்றுக்கொள்கிறாள்.

வீட்டில் செய்த பொருளை வாங்குவோரிடம் நேரில் கொண்டு சென்று விற்ற பெண்ணின் சித்திரம் இது. அவளது செயலில் உள்ள ஒழுங்கு கவனிக்கத்தக்கது. அன்றாட வருவாய் குடும்பத்தின் பசிக்குச் செல்கிறது. மிகுதி தொழிலை வளர்க்கச் செல்கிறது. பொன்னின் கவர்ச்சி அந்த ஒழுங்கைக் குலைக்கவில்லை. குடும்பத்திற்காகத் தொழில் என்ற வரிசையை அவள் ஒருபோதும் மாற்றவில்லை.

வீட்டிற்குள் வந்த கடை

இன்றைய நேரடி விற்பனை வேறு வழியில் வளர்ந்தது. வீடு வீடாகச் சென்று புத்தகம் விற்ற டேவிட் மெக்கானல் என்னும் அமெரிக்கர், 1886-இல் வாசனைத் திரவிய வியாபாரத்தைத் தொடங்கிப் பெண்களைக் கொண்டே விற்பனை செய்தார். அதுவே பிற்காலத்தில் ஏவான் நிறுவனமாயிற்று. 1950-களில் டப்பர்வேர் நிறுவனம், இல்லத்தரசியின் கூடத்திலேயே அண்டை வீட்டாரைக் கூட்டி விற்கும் முறையைப் பரப்பியது. நமது நாட்டில் 1996-இல் டப்பர்வேரும் 1998-இல் ஆம்வேயும் விற்பனையைத் தொடங்கின. அந்தமானுக்கோ 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு புதிய வாசல் திறந்தது. சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்குக் கண்ணாடி இழை வடம் இடப்பட்டு, அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த மந்தமான இணைய இணைப்பு விரைவு பெற்றது. பொருளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி விற்பது எளிதாயிற்று.

வசதி பெருகியது, அத்துடன் வாசற்படியும் மறைந்தது. கடைக்குக் கதவு உண்டு. இரவில் அதை அடைக்கலாம். வீட்டிற்குள் இருக்கும் கடைக்கு எந்தக் கதவை அடைப்பது?

இதைவிட ஆழமான வேறுபாடும் ஒன்று உண்டு. கடைக்காரர் முதலாகப் போடுவது பணத்தை. நேரடி விற்பனையில் இறங்கும் பெண்மணி பெரும்பாலும் முதலாகப் போடுவது உறவை. அவரிடம் முதலில் வாங்குபவர்கள் அக்காவும் நாத்தனாரும் பக்கத்து வீட்டுத் தோழியும்தான். அவர்கள் பொருளை ஆராய்ந்து வாங்குவதில்லை. முகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கை, பல ஆண்டுகள் ஒருவர் வீட்டு நோயிலும் துக்கத்திலும் மற்றவர் துணை நின்றதால் சேர்ந்த செல்வம். அதை வியாபாரத்தில் செலவிடும் உரிமை எந்த அளவு வரை உண்டு என்பதே உண்மையான கேள்வி.

கடல் சூழ்ந்த கணக்கு

தீவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மொத்த மக்கள்தொகை 3,80,581. வங்காளமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் பேசும் மக்கள் அடுத்தடுத்து வாழ்கின்றனர். மருத்துவமனையிலும், பள்ளி வாசலிலும், வெற்றிமலை முருகன் கோயிலின் பங்குனி உத்திரத்திலும் அதே முகங்களையே மீண்டும் மீண்டும் காண வேண்டும். பெருநகரில் ஒரு வாடிக்கையாளரின் மனத்தை நோகச் செய்தவர் வேறொரு தெருவிற்குச் செல்லலாம். தீவில் வேறு தெரு இல்லை, கடல்தான் உண்டு.

ஆள் சேர்த்தால் பணம் என்று ஆசை காட்டும் சங்கிலித் திட்டங்களின் பொய்மையையும் இக்கடலே வெளிப்படுத்திவிடுகிறது. ஒருவர் ஆறு பேரைச் சேர்க்கிறார். அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்கிறார்கள் என்று கொள்வோம். இரண்டாம் படியில் 36, மூன்றாம் படியில் 216, நான்காம் படியில் 1,296 என்று எண்ணிக்கை ஏறும். ஏழாம் படியில் அது 2,79,936 ஆகிவிடும். எட்டாம் படிக்குத் தீவுகளில் உள்ள கைக்குழந்தைகளைச் சேர்த்தாலும் ஆட்கள் போதாது. கடைசிப் படியில் இருப்பவர் போட்ட பணம் மேலே இருப்பவரின் இலாபமாகிறது. அதை இழப்பவரும் யாரோ ஒருவரின் தங்கைதான். இழப்பு நிச்சயம் என்று அறிந்தும் தங்கையை அழைப்பது எப்படி அறமாகும்?

இதனால்தான் பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. நேரடி விற்பனைக்கென 2021 டிசம்பரில் வெளியான மத்திய அரசு விதிகளும் பிரமிடு திட்டங்களை விலக்கின. அடையாள அட்டையும் முன் அனுமதியும் இன்றி விற்பனையாளர் ஒரு வீட்டிற்குச் செல்லக் கூடாது என்றும், நிறுவனம் அங்கீகரிக்காத எந்தச் சிறப்பையும் பொருளுக்கு ஏற்றிக் கூறக் கூடாது என்றும் அவை கட்டளையிடுகின்றன. ஆனால் அக்காவின் வீட்டிற்குள் நுழைபவரிடம் அடையாள அட்டையைக் கேட்பவர் யார்? சட்டம் தயங்கி நிற்கும் அந்த இடத்தில் மனசாட்சி காவல் புரிய வேண்டும்.

காக்கவைத்த இல்லத்தரசி

மகாபாரதத்தின் வன பர்வத்தில் ஒரு கதை வருகிறது. கௌசிகர் என்னும் தவசி மரத்தடியில் அமர்ந்திருந்தபோது ஒரு கொக்கு அவர் மேல் எச்சமிட்டது. அவர் சினந்து நோக்கவே அது இறந்து வீழ்ந்தது. பின்னர் அவர் ஓர் இல்லத்தின் முன் நின்று பிச்சை கேட்டார். அவ்வீட்டுப் பெண்மணி பிச்சை கொண்டுவரும் சமயத்தில் கணவர் பசியுடன் வந்துவிட்டார். அவள் கணவருக்கு வேண்டியவற்றைச் செய்து முடித்த பின்னரே வெளியே வந்தாள். சினம் கொண்ட தவசியிடம், ‘நான் அந்தக் கொக்கு அல்ல’ என்ற பொருள்படக் கூறினாள். யாரும் அறியாத அச்செய்தி அவளுக்கு எவ்வாறு தெரிந்தது என்று அவர் திகைத்தார். தமிழ்நாட்டில் இதே கதை வாசுகி அம்மையார் பெயரிலும் கொங்கணவர் பெயரிலும் வழங்குகிறது.

இக்கதையைப் பெண் கணவனுக்கு அடங்கி நடப்பதற்கான உபதேசமாக மட்டும் கொள்வது குறைவான வாசிப்பு. அவள் விருந்தினரை விரட்டவில்லை. தாமதத்திற்கு மன்னிப்பும் கேட்டாள். ஆனால் தவசி சினந்தார் என்பதற்காகத் தன் கடமை வரிசையை மாற்றிக்கொள்ளவும் இல்லை. ‘சற்றுப் பொறுங்கள்’ என்று அச்சமின்றிச் சொல்லும் தெளிவு அவளிடம் இருந்தது. விளக்கேற்றும் நேரத்தில் கைப்பேசி ஒலிக்கும்போது தேவைப்படுவது அத்தெளிவே. பொறுத்திருக்கச் சொல்வதால் நல்ல வாடிக்கையாளர் விலகுவதில்லை. குழந்தையின் ஐயமோ மறுநாள் காலைவரை பொறுத்திருப்பதில்லை.

அப்பெண்மணி கௌசிகரை மிதிலையில் வாழ்ந்த தர்மவியாதரிடம் அனுப்பினாள். அவர் கடைவீதியில் இறைச்சி விற்பவர். அறம் கற்க வந்தவரை அவர் தமது இல்லத்திற்கு அழைத்துச் சென்று, தம் முதிய பெற்றோரைக் காட்டினார். அவர்களுக்குச் செய்யும் தொண்டே தமது வழிபாடு என்றார். கடையில் நேர்மை, வீட்டில் தொண்டு என்று இரண்டையும் அவர் காத்தார். கடையின் அவசரத்தை அவர் வீட்டிற்குள் கொண்டுவரவில்லை.

எவற்றை விற்கலாகாது?

சமநிலை என்பது ஒரு நாளை இரண்டாகப் பிளப்பதில் இல்லை. எவற்றைத் தராசில் வைக்கலாம், எவற்றை வைக்கலாகாது என்று அறிவதில்தான் இருக்கிறது. பொருளை வைக்கலாம், உழைப்பையும் திறமையையும் வைக்கலாம். மூன்றை மட்டும் வைக்கலாகாது.

முதலாவது, உறவு. உறவினருக்குப் பொருள் விற்பதில் தவறில்லை. ‘வேண்டாம்’ என்று அவர் சொல்லும் உரிமையைப் பறிப்பதே தவறு. திருமண வீட்டிலும், நோயாளியைக் காணச் சென்ற இடத்திலும், துக்கம் விசாரிக்கச் சென்ற இடத்திலும் விற்பனைப் பேச்சு நுழையலாகாது. ஒரு பொருளை மறுத்த தோழியை மறுநாள் முன்போலவே புன்னகையுடன் அழைக்க முடிகிறதா? அதுவே உரைகல். அழைக்க முடியவில்லையென்றால் அந்த நட்பு ஏற்கெனவே விலைக்குப் போய்விட்டது.

இரண்டாவது, உண்மை. சத்துமாவும் மாத்திரையும் விற்பவர், ‘இது சர்க்கரை நோயைத் தீர்த்துவிடும்’ என்று ஒரு சொல் கூட்டிச் சொன்னால் விற்பனை எளிதாகலாம். ஆனால் அச்சொல்லை நம்பி ஒரு முதியவர் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிடக் கூடும். உயர்சிகிச்சைக்காகக் கடல் கடந்து சென்னைக்கோ கொல்கத்தாவிற்கோ செல்ல நேரும் தீவுகளில், கப்பலில் சென்றால் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். அந்த ஒரு சொல்லின் விலையை எந்த இலாபத்தாலும் ஈடுகட்ட இயலாது. உருத்திரங்கண்ணனார் தமது மற்றொரு நூலான பட்டினப்பாலையில், வாங்குவதில் மிகுதி கொள்ளாமலும் விற்பதில் குறை வைக்காமலும் வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுகிறார். கடற்கரையில் வாழ்ந்த அந்த வணிகரின் வழி, கடல் நடுவே வாழும் இன்றைய விற்பனையாளருக்கும் பொருந்தும்.

மூன்றாவது, வீட்டின் அமைதி. விற்பனைக்கென்று ஓர் இடமும் ஒரு நேரமும் குறிக்கப்பட வேண்டும். உணவு வேளையும் விளக்கேற்றும் வேளையும் அதற்கு அப்பாற்பட்டவை. வியாபாரப் பணமும் வீட்டுப் பணமும் தனித்தனிக் கணக்கில் இருக்க வேண்டும். இல்லையெனில், விற்காமல் அலமாரியில் தங்கிய சரக்கு மகளின் கல்விக் கட்டணத்தை மெல்ல விழுங்கிவிடும். மழைக்காலத்தில் கப்பல் தாமதமாகலாம் என்று அஞ்சி அளவுக்கு மீறிச் சரக்கு வாங்கி அடுக்கும் பழக்கம் அவ்வாறே தொடங்குகிறது.

இந்த அமைதியைக் காப்பது பெண்ணின் பொறுப்பு மட்டுமன்று. அவரது வருவாயைக் குடும்பம் முழுவதும் பங்கிட்டுக்கொள்ளும்போது, வேலையையும் குடும்பம் முழுவதும் பங்கிட்டுக்கொள்வதே நியாயம். கணவர் மாலையில் மகளுடன் அமர்ந்து கணக்குச் சொல்லித் தரலாம். மாமியாருக்கு மாத்திரையை எடுத்துக் கொடுக்கலாம். மனைவியின் சம்பாத்தியத்தை ஏற்றுக்கொண்டு அவரது களைப்பை மட்டும் குறை கூறுவது அறமாகாது.

இரு பொருள் தரும் சொல்

தமிழில் ‘வீடு’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. மனிதன் வாழும் இல்லமும் வீடு. பற்றுகளிலிருந்து பெறும் விடுதலையும் வீடு. உலகில் எங்கும் விலை கேட்கப்படும் மனிதன், விலை கேட்கப்படாமல் இளைப்பாறும் ஓர் இடம் இல்லம். அங்கே குழந்தை தன் மதிப்பெண்ணால் எடையிடப்படுவதில்லை. முதியவர் தம் பயனால் அளக்கப்படுவதில்லை. விருந்தினரும் அங்கே வாடிக்கையாளராகப் பார்க்கப்படுவதில்லை. அத்தகைய இல்லமே அந்த மேலான வீட்டிற்கு முதற்படி.

ஸ்ரீ விஜயபுரத்து வீட்டில் மறுநாளும் மாலை ஐந்து மணிக்கு இருள் சூழும், கைப்பேசியும் ஒலிக்கும். ‘ஏழு மணிக்கு நானே அழைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று தாய் பணிவுடன் சொல்லிவிட்டு மீண்டும் மகளின் அருகில் அமர்வாரானால், அவர் இழப்பது எதுவுமில்லை. வாக்குக் கொடுத்தபடி ஏழு மணிக்கு அவர் அழைக்கும்போது அவரது வியாபாரமும் உயர்ந்திருக்கும். விரித்த புத்தகத்தில் மகளின் கணக்கும் முடிந்திருக்கும்.