வாசலில் நின்றவன்

சுயசரிதைத் தன்மையுள்ள யுத்த நாவல்களை இணையத்தில் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்குப் புத்தளத்தில்தான் ஏற்பட்டது. கடைகளில் கிடைக்காத, கிடைத்தாலும் கையில் வைத்திருக்கப் பயந்த புத்தகங்கள் அவை. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர ஆரம்பித்த பிறகு நிலைமை மாறிற்று. கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' (1985) நாவலை கணினித் திரையில் இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். விடுதலைக்கென்று போன இளைஞர்கள் பயிற்சி முகாம்களில் தம் தோழர்களாலேயே வதைபட்ட கதையை, உள்ளே இருந்து வெளியேறிய ஒருவர் எழுதியது. பின்னர் ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001).

உண்மையைச் சொல்வதானால், இலக்கியத்துக்காக நான் இவற்றைத் தேடவில்லை. ஒருவனைத் தேடினேன்.

1990 ஒக்டோபர் 30 ஆந் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற இரண்டு மணித்தியால அவகாசம் கொடுக்கப்பட்டது. எங்கள் வாசலில் ஒரு பெடியன் துவக்குடன் நின்றான். பதினாறு, பதினேழு வயதிருக்கும். வாப்பா ஏதோ கேட்டார். "எனக்கொண்டும் தெரியாது ஐயா, மேலிடத்து உத்தரவு" என்றான். பிறகு குடிக்கத் தண்ணி கேட்டான். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்த உம்மா, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தா. குடித்துவிட்டுச் செம்பைத் திண்ணையில் வைத்தான். நாங்கள் போகும்போதும் அது அங்கேயேதான் இருந்தது.

1990 இல் நின்றவனை 1985 இல் வந்த நாவலில், அதுவும் வேறோர் இயக்கத்தின் கதையில் தேடுவது மடமைதான். 'கொரில்லா'வின் ஆசிரியரும் அந்த வெளியேற்றத்துக்கு முன்பே இயக்கத்தை விட்டு விலகியவர். ஆயினும் தேடினேன். அந்த வயதில் துவக்குத் தூக்கியவனின் மனசு எப்படியிருக்கும் என்பதை அவர்களைத் தவிர வேறு யார் எனக்குச் சொல்லப்போகிறார்கள்?

'கொரில்லா' ஓர் அகதி விண்ணப்பத்துடன் ஆரம்பிக்கிறது. எழுதியவரோ பிரான்சில் உண்மையாகவே அகதியானவர். விண்ணப்பத்தில் ஒருவர் நம்பப்பட வேண்டும். நாவலில் அந்த அவசியமில்லை. சுயசரிதை நாவலின் சௌகரியம் இதுதான் என்று நினைக்கிறேன். 'இது நான்தான்' என்று நம்பிக்கையையும் வாங்கிக்கொள்ளலாம், 'இது கதைதானே' என்று கேள்வியிலிருந்து தப்பியும் கொள்ளலாம். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த மறைப்பு இல்லாவிட்டால் இவை எழுதப்பட்டே இருக்காது. பெயரைச் சொல்லி எழுதினால் உயிர் போகும் காலத்தில் கோவிந்தன் எழுதினார்.

என்னைத் தொந்தரவுபடுத்தியது வேறு. அந்தப் பக்கங்களில் அடிபட்ட பெடியன்களுக்காக நான் அழுதேன். அழுதபின் வெட்கமாக இருந்தது, வாப்பாவுக்குத் துரோகம் செய்தாற்போல. அவர் அகதி முகாமிலேயே மௌத்தானவர்.

ஹக்குல் இபாத் விடயத்தில், அநீதிக்குள்ளானவன் மன்னிக்காதவரை அது தீராது என்று நமக்குப் படிப்பிக்கப்பட்டிருக்கிறது. வாப்பாவுக்கு இழைக்கப்பட்டதை மன்னிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் இரக்கப்படுவதற்கு யாரிடம் அனுமதி கேட்பது? இரக்கமும் மன்னிப்பும் ஒன்றல்ல என்பதை இந்த நாவல்களைப் படித்துத்தான் நான் பிரித்தறிந்தேன். இவற்றை எழுதியவர்கள் தம் பழைய தோழர்களை மனதில் வைத்து எழுதியிருக்கலாம். புத்தளத்தில் ஓர் அகதி நள்ளிரவில் படிப்பான் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். யாருக்குச் சொன்னார்களோ அவர்களைத் தாண்டி, சொல்லாமல் விடப்பட்டவனிடமும் அந்தச் சொற்களை இணையம் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

ஒருநாள் உம்மாவுக்கு ஓர் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டா:

"அண்டைக்குத் தண்ணி கேட்ட பெடியன் இருக்கானோ, செத்துப்போனானோ?"

தெரியாது என்றேன்.

"அவனும் எழுதியிருக்கானோ எண்டு பாரேன்" என்றா.