பெட்டி ஒருவனுக்கு, திறப்பு வேறொருவனுக்கு

“சேர், இது களவா?”

2005 ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், கொம்பனித்தெருவிலே, புகையிரத நிலையத்துக்கு அண்மையில் அமைந்திருந்த சிறியதொரு பழுதுபார்க்குங் கடையில் என்னை இவ்வாறு கேட்டவன் என்னிடம் படித்த மாணவன். அவன் முன்னால் மூடி கழற்றப்பட்ட பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டியொன்று கிடந்தது. ஒரு கையிலே சோல்டரிங் அயன். மறு கையிலே விரல் நகத்தினும் சிறிய ஒரு சிப். அச்சிப்பை உள்ளே பொருத்திவிட்டால், யப்பானிய நிறுவனமாகிய சோனி அப்பெட்டிக்கு இட்ட தடைகள் விலகிவிடும். பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கூலி.

கொம்பனியின் பெயரையே தாங்கிய தெருவில் நின்றுகொண்டு, “கொம்பனிக்காரன் அடிக்கிற கொள்ளைக்கு முன்னால் இது என்னடா?” என்று கூறிவிட்டு வந்தேன். மேடையிலே கைதட்டல் பெறக்கூடிய விடை. சிந்தித்துச் சொன்ன விடையன்று.

முதலில் அந்தப் பூட்டின் தன்மையை அறிந்துகொள்ளுதல் வேண்டும். 1994 இல் யப்பானில் வெளிவந்த முதலாவது பிளேஸ்டேஷன், தன்னுள் இடப்படும் இறுவட்டின் தொடக்கப் பகுதியிலே நான்கு எழுத்துகளைத் தேடும். அவை சாதாரண முறையில் பதியப்பட்டவையல்ல. தட்டின் தடத்திலே வேண்டுமென்றே உண்டாக்கப்பட்ட மெல்லிய நெளிவில் மறைந்திருப்பவை. வீட்டுக் கணினியிலே பிரதி எடுப்பவன் அந்த நெளிவைத் தவிர மற்றெல்லாவற்றையும் எடுத்துவிடலாம். நான்கனுள் இறுதி எழுத்து யப்பானுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று. எழுத்து மாறினால் பெட்டி இயங்காது. சிப் செய்வதெல்லாம், தட்டு சொல்லவேண்டிய எழுத்துகளைத் தானே சொல்லிக் கொடுப்பதுதான். பின்வாங்கிலிருந்து விடை சொல்லிக் கொடுக்கும் மாணவனை ஆசிரிய நண்பர்கள் நன்கறிவார்கள்.

ஆகவே ஒரே பூட்டு இருவேறு வேலைகளைச் செய்தது. களவுப் பிரதி ஓடாமல் தடுத்தது ஒன்று. உலகத்தை மூன்று சந்தைகளாகக் கூறுபோட்டது மற்றொன்று. யப்பானில் வேலை செய்து திரும்பும் அண்ணன், தம்பிக்கென்று கடையிலே முறையாகக் காசு கொடுத்து வாங்கிவந்த இறுவட்டு, கொழும்பில் வாங்கிய பெட்டியில் ஓடாது. முன்னையதைத் திருட்டுக்கெதிரான காவல் என்று ஒப்புக்கொள்ளலாம். பின்னையது எந்தத் திருட்டுக்கு எதிரான காவல்?

இவ்வழக்கு அவுஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. சிப் பொருத்தி விற்ற எடி ஸ்டீவன்ஸ் என்பவருக்கு எதிராகச் சோனி நடத்திய வழக்கிலே, 2005 ஒக்டோபரில் நீதியரசர்கள் அனைவரும் அவர் பக்கமே தீர்ப்பளித்தனர். அப்பூட்டு பிரதி செய்வதைத் தடுக்கவில்லை, செய்து முடித்த பிரதியை ஓடவிடாமல் மட்டுமே தடுக்கின்றது. எனவே அன்றிருந்த சட்டம் காக்கும் பூட்டு அதுவன்று என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் அமெரிக்காவோடு ஏற்கனவே செய்துகொண்ட சுதந்திர வர்த்தக உடன்படிக்கைக்கு அமைய, 2006 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டத்தையே மாற்றி எழுதியது. நீதிமன்றத்திலே தோற்ற மூலதனம் ஒப்பந்த மேசையிலே வென்றது.

விற்றவன் விற்ற பின்னும் திறப்பைத் தன் பையிலே வைத்திருந்தால் அது விற்பனையா, குத்தகையா? 2006 இல் வந்த மூன்றாவது பிளேஸ்டேஷனிலே லினக்ஸ் இயக்கவும் வசதி இருந்தது. 2010 ஏப்ரலில், தொலைவிலிருந்து அனுப்பிய மென்பொருள் மாற்றமொன்றினால் சோனி அவ்வசதியை நீக்கியது. மாற்றத்தை ஏற்க மறுத்தவருக்கு இணையவழி விளையாட்டு இல்லை. விற்ற பொருளினுள் கைவிட்டு ஒரு பாகத்தை மீள எடுத்துக்கொள்வதற்கு என்ன பெயர்? அடுத்த மாதமே, கொம்பனித்தெரு மியூஸ் வீதியிலே, படையினர் சூழ்ந்து நிற்க வீடுகள் இடிக்கப்பட்டன. இரண்டையும் சமமாக்குவது மிகை. வீடிழந்தவன் துயரம் வேறு. ஆயினும் உடைமையின் புனிதம் பற்றிய பிரசங்கம் யாருடைய வாசலிலே நின்றுவிடுகிறது என்பதை இவ்வூரவர் கண்ணாற் கண்டவர்கள்.

தன் பெட்டியைத் தான் திறப்பது களவன்று. இதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் மாணவன் கேட்டது இவ்வளவையும் அன்று. அவன் கண் போன இடம் கடையின் கண்ணாடி அலுமாரி. அங்கே பிரதி இறுவட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒன்று நூறு ரூபா அளவில். அக்காலத்தில் புதிய விளையாட்டொன்றின் மூலத்தட்டு அமெரிக்காவிலே ஏறத்தாழ 50 டொலர். நம் நாணயத்தில் 5,000 ரூபா. எங்கள் தெருப்பிள்ளைகளின் தந்தையருக்கு அது பல நாட்கூலி. வாங்க வழியில்லாதவன் பிரதி வாங்குவதால் நிறுவனத்துக்கு நட்டமில்லை என்பார்கள். மெய்தான். ஆனால் அந்த நூறு ரூபா யார் கைக்குப் போகின்றது? விளையாட்டை ஆக்கிய ஓவியன் கைக்கோ, இசையமைத்தவன் கைக்கோ, நிரல் எழுதியவன் கைக்கோ அன்று. அவர்கள் சம்பளத்துக்கு உழைக்கும் மனிதர்கள். அவர்களுள் ஏறக்குறைய 900 பேரை வேலையிலிருந்து நீக்குவதாகச் சோனியே 2024 பெப்ரவரியில் அறிவித்தது. களவுப் பிரதி கலைஞனின் சோற்றைப் பறிக்கிறது என்று நிறுவனங்கள் உபதேசிக்கும்போது இதை நினைவூட்டலாம். முதலாளி கைவிட்டவனை நாமும் கைவிடலாம் என்பது மட்டும் அதிலிருந்து பெறப்படாது.

கடைவாசலே இல்லாத இடத்தில் களவைப்பற்றிப் பேசுவதும் எளிதன்று. 2024 மே மாதத்திற்கூட, சோனியின் இணையக் கணக்கைத் திறக்கத்தக்க நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கவில்லை. காசை நீட்டுபவனுக்கும் கதவு சாத்தியே இருந்தது. இத்தகைய நிலையில் பிரதியெடுப்பவனை நான் குற்றங்கூற மாட்டேன். தமிழ்நாட்டு நூலொன்றை முழுதாகப் போட்டோப்பிரதி எடுத்து வகுப்பிலே வழங்கிய கை என்னுடையது; நூல் கிடைக்கவில்லை என்பது காரணம். நூல் கடைக்கு வந்த பின்னரும் அதே பிரதிகளையே வழங்கினேன். அதற்கு என்னிடம் காரணம் இல்லை.

சில வாரங்களின் பின் மறுபடியும் அந்தக் கடைக்குப் போனேன். என் விடைக்காக அவன் காத்திருக்கவில்லை.

“சிப் போடுறன் சேர். சீடி விக்கிறதுக்கு மட்டும் ஏலாது எண்டு முதலாளிகிட்ட சொல்லிட்டன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“கடை வாடகை சிப்பால வாறதில்லையாம், சீடியாலதான் வருதாம். யோசிச்சுச் சொல்ல மாசக் கடைசி வரைக்கும் டைம் தந்திருக்கார்.”